அப்பாவின் சிம்மும் ஒரு பழைய மோடமும்

1

இதை ஸ்ரீரங்கத்தில் என் தங்கை செல்வியின் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஹாம்பர்க்கிலிருந்து எழுதியிருந்தால் கொஞ்சம் நாகரிகமாக எழுதியிருப்பேன். அங்கே கோபம் வந்தால் குளிரில் ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம், ஆறிவிடும். இங்கே வெளியே போனால் வெயில் இன்னும் கொஞ்சம் ஏற்றி அனுப்புகிறது.

அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. நேற்று காலை காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறையில் திதி கொடுத்தேன். போகும்போதும் வரும்போதும் ஒரே ஆட்டோவில்தான் நானும் செல்வியும் உட்கார்ந்திருந்தோம். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

முந்தைய மூன்று திதிக்கும் நான் வரவில்லை. ஹாம்பர்க்கில் பால்கனியில் காக்கைக்குச் சோறு வைத்ததோடு சரி. அதற்கும் மூன்றாம் வருடம் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. பறவைகளுக்குச் சமைத்த உணவு வைப்பது விதிப்படி குற்றம், இனி தொடர்ந்தால் நடவடிக்கை என்று. பித்ரு காரியத்தை ஜெர்மன் மொழியில் விளக்கி ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்துப் படித்தபோது, என் அப்பா காக்கையாகப் பிறந்து பால்கனிக்கு வந்து போவதாகவும் அவருக்கு அனுமதி வேண்டும் என்றும் கேட்பது போல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

இந்த வருடம் வந்தேன். வந்தேன் என்றால் லீவு போட்டுவிட்டு வரவில்லை. துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் சரக்குப் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. எல்லாம் பிரவுசரில்தான், எங்கிருந்தும் பார்க்கலாம். இரண்டு வாரம் ஸ்ரீரங்கத்தில் இருந்தபடியே வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். திதியன்றுகூட காலையில் காரியத்தை முடித்துவிட்டுப் பன்னிரண்டரைக்கு லாப்டாப்பைத் திறந்தால், அங்கே அப்போதுதான் காலை ஒன்பது. லீவும் மிச்சம், அப்பாவுக்குச் செய்த மாதிரியும் ஆயிற்று என்று கெட்டிக்காரத்தனமாக நினைத்தேன். செல்வி அப்படியில்லை. அவள் ஸ்கூல் டீச்சர். திதிக்கென்று முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்திருந்தாள்.

அப்பா போன விதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லால்குடியில் இருந்தவர், அம்மா போன பிறகு செல்வி வீட்டோடு வந்துவிட்டார். ஒரு நாள் காலை காபி குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார், பால்கனி நாற்காலியில் சாய்ந்தார், அவ்வளவுதான். செல்வி போனில் அப்படித்தான் சொன்னாள். மறுநாள் நான் வந்து இறங்கியபோது பெரியப்பா, அத்தை, கீழ்வீட்டுக்காரர் எல்லாரும் அதையே சொன்னார்கள். டம்ளரில் காபி கொஞ்சம் மிச்சம் இருந்தது என்பதுவரை சொன்னார்கள். நான்கு வருடமாக எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்தக் காபி. ஹாம்பர்க்கில் துக்கம் விசாரித்தவர்களுக்கெல்லாம் என் அரைகுறை ஜெர்மனில் அதைச் சொல்லியிருக்கிறேன். கொடுத்து வைத்தவர் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

2

அந்த நாட்டு லீவைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வருடத்துக்கு ஆறு வாரம். கெஞ்சிக் கேட்டு வாங்கும் பேச்சே இல்லை. கம்ப்யூட்டரில் தேதியைப் போட்டு அமுக்கினால் மேலதிகாரிக்குப் போகும், அவர் ஒரு பொத்தானை அமுக்குவார், முடிந்தது. அங்கே லீவு எடுக்காமல் இருந்தால்தான் விசாரணை வரும். ஒரு வருடம் ஒன்பது நாளை எடுக்காமல் விட்டுவிட்டேன். நம் ஊர் வழக்கத்தில் மெச்சிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். மேலதிகாரி அம்மாள் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். எனக்கு இந்த வேலை பிடிக்கும் என்று சொல்லப் போய், வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி எதையோ சொல்லிவிட்டேன். அவர் மிகவும் வருத்தப்பட்டு, குடும்பச் சிக்கலுக்கு ஆலோசனை சொல்லும் இடத்தின் அட்டையைக் கொடுத்தார்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வியின் போனில் வீடியோவில் பேசுவார். அவரிடம் இருந்தது பட்டன் போன். அதிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாது. பொங்கலுக்கு வரியா தம்பி என்று கேட்பார். பாக்கறேன்பா, லீவு கிடைக்கணும் என்பேன். சரி சரி, வேலைதான் முக்கியம் என்று அவரே முடித்துவிடுவார்.

3

வந்து இறங்கிய மறுநாள், செல்வி வீட்டில் நெட் இல்லை. தெருவில் சாக்கடைக்குத் தோண்டியவர்கள் கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிட்டார்கள். ஹாம்பர்க்கில் வீடு மாறியபோது நெட் வர ஆறு வாரமும் நான்கு கடிதமும் ஆயிற்று. அதனால் குறை சொல்ல வாய் வரவில்லை. செல்வியின் போனிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றால், அவள் எட்டு மணிக்கு அதோடு ஸ்கூலுக்குக் கிளம்பிவிடுவாள். என் போன் ஆபீஸ் கொடுத்தது, வேறு சிம் போட விடாது, இந்தியாவில் அதில் நெட்டும் வராது.

செல்வியின் வீட்டுக்காரர் சென்னையில் வேலை பார்க்கிறார், சனிக்கிழமைதான் வருவார். அவருடைய மேசை டிராயரில் பழைய யூஎஸ்பி மோடம் ஒன்று கிடந்தது. பென் டிரைவைக் கொஞ்சம் கொழுக்க வைத்த மாதிரி இருக்கும். உள்ளே ஒரு சிம்மைப் போட்டு லாப்டாப்பில் செருகினால் நெட். சிம்முக்கு எங்கே போவது என்று யோசித்தபோது செல்விதான் பீரோவைத் திறந்து அப்பாவின் பட்டன் போனை எடுத்துக் கொடுத்தாள். "இதுல இருக்கறத எடுத்துப் போட்டுக்கங்கண்ணே, உங்க நம்பர்தானே" என்றாள்.

உண்மைதான். வெளிநாடு போகிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பேங்கிலிருந்து கேஸ் வரை எல்லாவற்றுக்கும் கொடுத்த நம்பர் செத்துவிடக் கூடாது என்று, சிம்மை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். அவர் அதைத் தன் போனில் போட்டுக்கொண்டார், அது அவர் நம்பராகவே ஆகிவிட்டது. அவர் போன பிறகும் செல்வி விடாமல் ரீசார்ஜ் செய்து வந்தாள். அன்று காலை டேட்டாவுக்கு ரீசார்ஜ் செய்ய அவள் போனைத் திறந்தபோது பார்த்தேன், அந்த நம்பருக்கு நேராக இன்னமும் அப்பா என்றுதான் இருந்தது. மாற்ற மனசு வரவில்லை என்றாள்.

சிம்மைப் போட்டாயிற்று, செருகியாயிற்று. அதற்கப்புறம்தான் கூத்து. என் லாப்டாப்பில் விண்டோஸ் கிடையாது. போன வருடம் அது நத்தையாக ஊர்ந்ததைப் பார்த்து என் மகள் இனியா லினக்ஸைப் போட்டுக் கொடுத்தாள். இலவசம், யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், யாரும் உன்னை வேவு பார்க்க மாட்டார்கள் என்று ஜெர்மனில் ஒரு பிரசங்கமும் செய்தாள். அவள் இப்போது வேறு ஊரில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும், ஜெர்மனில் கேட்டால் பொம்மை முகம் ஒன்று வரும். மோடம் வேலை செய்யவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது, என்ன செய்ய என்று ஆபீஸ் போனிலிருந்து அவளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு இணைய முகவரி மட்டும் வந்தது. தாத்தா திதிக்குப் போயிருக்கிறாயே, எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி சேர்ந்து வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

மோடத்தைச் செருகியதும் திரையில் ஒரு சிடி படம் வந்தது. சந்தோஷமாக அதைத் திறந்து உள்ளே இருந்த செட்டப் கோப்பை இரண்டு தரம் தட்டினேன், நான்கு தரம் தட்டினேன். அது விண்டோஸுக்கானது என்பது எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் பூராவும் தட்டிக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலை, செல்வி கிளம்பும் முன் அவள் போன் நெட்டில் இனியா அனுப்பிய பக்கத்தைப் படித்தேன். இந்த மாதிரி மோடங்கள் முதலில் சிடி டிரைவ் என்றுதான் தங்களை அறிமுகம் செய்துகொள்ளுமாம். அந்த இல்லாத சிடியை வெளியே தள்ளச் சொன்னால்தான், நான் மோடம் என்று ஒப்புக்கொள்ளுமாம். என்ன ஏமாற்று வேலை இது என்று சிரித்தேன். அந்தப் பக்கத்தில் கொடுத்திருந்த கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் போடாமல், மொத்தமாக அள்ளி ஒட்டினேன். புதியவன் செய்யும் வேலை. தேவையானதோடு தேவையில்லாத நாலைந்தும் சேர்ந்து இறங்கின. அதில் ஒன்று மோடத்தை மேய்க்கிற ஒரு சிறிய மென்பொருள். செல்வி கிளம்பிப் போனாள்.

சிடியை வெளியே தள்ளினேன். மோடத்தில் பச்சை விளக்கு சிமிட்டியது. எந்த நாடு, எந்த சிம் கம்பெனி என்று லாப்டாப் கேட்டது, சொன்னேன். ஆனாலும் நெட் வரவில்லை. ரீசார்ஜ் ஏறியதா என்று பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் அந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். அந்தச் சிறிய மென்பொருளில் மெசேஜ் என்று ஒரு பக்கம் இருந்தது. திறந்தேன்.

4

மொத்தம் பத்தொன்பது. மேலே ரீசார்ஜ் செய்தி. அதற்குக் கீழே எல்லாம் நான்கு வருடத்துக்கு முந்தையவை, சிம்மிலேயே தங்கிவிட்டவை.

முதலில் பார்த்தது திருச்சி புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் தானியங்கிச் செய்தி. அப்பா பெயர், வார்டு, உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டார். தேதியைப் பார்த்தேன். அப்பா இறப்பதற்குப் பதினோரு நாள் முன்பு. ஏதோ தவறு என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்தது, பரிசோதனை முடிவு தயார். அதற்கடுத்தது இன்னொரு பரிசோதனை. பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பார்வையாளர் நேரம். கடைசி ஆஸ்பத்திரிச் செய்தி, அவர் பால்கனியில் காபி குடித்த அதே காலையில் வந்திருந்தது.

நடுவில் அப்பாவும் செல்வியும் எழுதிக்கொண்டவை. மூக்கில் குழாயும் மூச்சிரைப்புமாக இருந்ததால் அவரால் பேச முடியவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அவளைப் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் உள்ளே விட்டார்கள். அதனால் எழுதியிருக்கிறார்கள், ஆங்கில எழுத்தில் தமிழை. அவள் அனுப்பியதற்குத் தேதி இருந்தது. அவர் அனுப்பியதற்குத் தேதி இல்லை, வரிசை மட்டும்தான்.

தம்பிக்கு சொன்னியா என்று அப்பா கேட்டிருந்தார்.

சொல்லிட்டேன்பா. அண்ணனுக்கு லீவு கிடைக்கலையாம். நீங்க தூங்குங்க.

கேட்டுப் பாக்கச் சொல்லு.

கேட்டாங்களாம்பா. தர மாட்டேங்கறாங்களாம்.

சரி. தொந்தரவு பண்ணாத அவன.

நான் எழுந்து பால்கனிக்குப் போனேன். அந்த நாற்காலி அங்கேயே இருந்தது. அதில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா எங்கே என்று கேட்டேன். லால்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காங்க என்று செல்வி சிரித்துக்கொண்டே சொன்னாள். யார் கல்யாணம் என்றுகூடக் கேட்டேன். அதற்கும் ஒரு பெயர் சொன்னாள்.

என்னிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. நான் யாரிடமும் லீவு கேட்கவில்லை, யாரும் எனக்கு மறுக்கவும் இல்லை. ஆனால் என் அப்பா, மகனைக் கூப்பிட்டு அனுப்பினோம், அவன் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு செத்துப்போனார். அதை இனிமேல் யாரிடம் போய்த் திருத்துவது? பெரியப்பா, அத்தை, கீழ்வீட்டுக்காரர் எல்லாருமாகச் சேர்ந்து எனக்கு ஒரு டம்ளர் காபியைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறார்கள். நான் அதை நான்கு வருடம் குடித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்தபோது மோடத்தில் விளக்கு நீலமாக மாறி நிலையாக எரிந்துகொண்டிருந்தது. நெட் வந்திருந்தது.

5

செல்வி நாலரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் லாப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். நின்றபடியே படித்தாள்.

"இது எப்படி இருக்கு? நான்தான் போனை முழுசா அழிச்சேனே" என்றாள்.

போனில் அழித்தால் சிம்மில் இருப்பது அழியாது. அது அவளுக்குத் தெரியாது. காலைவரை எனக்கும் தெரியாது. எனக்குச் சுருக்கென்றது அழிச்சேன் என்ற அந்த வார்த்தைதான். அவசரத்தில், பயத்தில், ஒரு பொய் சொல்லிவிட்டாள் என்றால் மனசு எப்படியாவது சமாதானம் ஆகும். உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, பிறகு அந்தப் போனைப் பத்திரமாகப் பீரோவில் வைத்திருக்கிறாள்.

முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து சொன்னாள். முதலில் சளி என்றுதான் சேர்த்தார்களாம். இரண்டு நாளில் அனுப்பிவிடுகிறோம் என்றார்களாம். நாலாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது, ஆறாம் நாள் தேவலை, எட்டாம் நாள் மறுபடி மோசம். எந்த நாளில் உங்களுக்குச் சொல்வது என்று தெரியவில்லை என்றாள். எல்லா நாளிலும் சொல்லியிருக்கலாம் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உங்கள ஒரு தடவதாண்ணே கூப்பிட முடியும்" என்றாள். "நீங்க வந்து, அவங்க நல்லாகி வீட்டுக்கு வந்துட்டாங்கன்னா, அடுத்து நெஜமாவே வேணும்கறப்ப நீங்க வரமாட்டீங்க. அம்மாவுக்கு அப்படித்தானே ஆச்சு."

அம்மாவுக்கு முதல் மாரடைப்பு வந்தபோது கிடைத்த விமானத்தில் ஏறி வந்தேன். வந்து சேர்வதற்குள் அம்மா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டு மாதம் கழித்துச் செல்வி மறுபடி கூப்பிட்டபோது, டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொல் என்றேன். அவள் பார்த்துவிட்டுச் சொன்னபோது அம்மா இல்லை. அதனால் அப்பா விஷயத்தில், அந்த ஒரு அழைப்பை எப்போது செலவழிப்பது என்று பதினோரு நாள் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் செலவழிக்காமலே போய்விட்டது.

அது எனக்குப் புரிந்தது. புரிந்த எரிச்சலில்தான் அடுத்ததைக் கேட்டேன்.

"சரி, என்கிட்ட சொல்லல. லீவு கிடைக்கலன்னு அப்பாகிட்ட எதுக்குச் சொன்ன? அண்ணனுக்கு இன்னும் சொல்லலப்பான்னு சொல்லியிருக்கலாமே."

"அப்படிச் சொன்னா உடனே சொல்லுன்னிருப்பாங்க" என்றாள். பிறகு, "நீங்க எப்பவும் சொல்றதத்தாண்ணே சொன்னேன். வேற என்ன சொல்லியிருந்தாலும் அவங்க நம்பியிருக்க மாட்டாங்க. இதுக்கு மட்டும் ஒரு கேள்வி கேட்கல" என்றாள்.

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். மறுநாள் படையலுக்குப் பெரிய பாத்திரங்களைப் பரணிலிருந்து இறக்கித் தேய்க்க வேண்டியிருந்தது.

மூன்று பொங்கலுக்கு அப்பாவிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். முதல் வருடம் அந்த லீவில் குடும்பத்தோடு இத்தாலியில் கடற்கரைக்குப் போனோம். இரண்டாம் வருடம் குளியலறைக்கு நானே ஓடு பதித்தேன். மூன்றாம் வருடம்தான் அந்த ஒன்பது நாள், யாருக்கும் உதவாமல் போனது. ஒன்றும் பெரிய குற்றம் இல்லை, எல்லாரும் செய்வதுதான். பயண அலுப்பு, இனியாவுக்கு இங்கே கொசு, செல்வி வீட்டில் ஒரே குளியலறை. இதையெல்லாம் அப்பாவிடம் சொல்ல முடியுமா? லீவு கிடைக்கவில்லை என்றால் யார் மனசும் நோகாது. அவர் அதைப் பெரியப்பாவிடம் பெருமையாகச் சொல்லுவாராம், என் பையன் இல்லாமல் அங்கே ஒரு நாள் ஓடாது என்று.

அவள் சொன்னதைக் கேட்ட பிறகு செல்வி மேல் கோபம் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. பொய் என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்னபோது அவர் சட்டை போட்டுக்கொண்டு திடமாக உட்கார்ந்திருந்தார், பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த பொங்கல் என்று ஒன்று இருந்தது. அவள் சொன்னபோது மூக்கில் குழாய் இருந்தது. இரண்டும் ஒன்றில்லை. ஒன்றுதான் என்று அவள் நினைக்கிறாள். நாங்கள் பேசாமல் ஆட்டோவில் போனதற்குக் காரணம் அதுதான்.

6

திதிக்கு முந்தைய அந்தச் சாயங்காலம், அவள் சமையலறைக்குள் போன பிறகு நான் லாப்டாப் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். மணி ஆறு இருக்கும். ஹாம்பர்க்கில் மதியம் இரண்டரை. இரண்டு நாளாகப் பாடுபட்டுக் கொண்டுவந்த நெட், எதிரே வேலை செய்துகொண்டிருந்தது. ஆபீஸ் பக்கத்தைத் திறந்தேன். சரக்குப் பத்திரங்கள் வரிசையாகக் காத்திருந்தன. அதை விட்டுவிட்டு லீவுப் பகுதிக்குப் போனேன். மறுநாள் தேதியைப் போட்டேன். காரணம் எழுதும் கட்டம் ஒன்று உண்டு, எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுதாமல் அமுக்கினேன்.

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. அனுமதிக்கப்பட்டது. கீழே மேலதிகாரி அம்மாள், நன்றாக ஓய்வெடுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு மோடத்தின் அந்தச் சிறிய மென்பொருளைத் திறந்தேன். மெசேஜ் பக்கத்தில் புதிதாக எழுத ஒரு பொத்தான் இருந்தது. செல்வியின் நம்பரைப் போட்டேன். ஆங்கில எழுத்தில் அடித்தேன்.

லீவு கிடைச்சிருச்சு.

அனுப்பும் முன் கொஞ்சம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். அவள் போனில் எந்தப் பெயரில் போய் விழும் என்று தெரிந்துதான் அமுக்கினேன்.

சமையலறை மேடையில் இருந்த அவள் போன் ஒருமுறை ஒலித்தது. பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. குழாய் மட்டும் திறந்தபடி ஓடிக்கொண்டே இருந்தது. அதை மூட அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று. நான் எழுந்து போகவில்லை.